பாய்லரைக் கழற்றும் முன் ஒரு சோதனை

பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளுக்குக் குளிர்காலச் சூடு எரிவாயு பாய்லரிலிருந்துதான் வருகிறது. அது எரிவாயுவை எரித்துத் தண்ணீரைக் காய்ச்சி, அறைகளில் உள்ள ரேடியேட்டர்களுக்கு அனுப்புகிறது. பழைய பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைத்தால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு 7,500 பவுண்ட் வரை மானியம் தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் ஒரு பெட்டியைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவதோடு முடிகிற வேலை இல்லை இது.

ஹீட் பம்ப் எதையும் எரிப்பதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் சேர்க்கிறது. வெளியே 0 டிகிரி என்றால் அதில் ஏது வெப்பம் என்று தோன்றும். வெப்பமே இல்லாத நிலை என்பது மைனஸ் 273 டிகிரி. அதோடு ஒப்பிட்டால் உறைபனிக் காலையில்கூடக் காற்றில் வெப்பம் ஏராளம். அதைப் பிடிக்க, மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும் புரொப்பேன் போன்ற ஒரு திரவம் போதும். குளிர்ந்த காற்று பட்டாலே அது கொதித்து ஆவியாகும். அந்த ஆவியை கம்ப்ரசர் அழுத்தும்போது நன்றாகச் சூடேறும். அந்தச் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு ஆவி மறுபடி திரவமாகிறது. அப்புறம் ஒரு சிறு வால்வு வழியாக அழுத்தம் குறைந்து, குளிர்ந்து, பழைய இடத்துக்கே திரும்புகிறது. ஏசியின் வெளி யூனிட் அருகே நின்றால் அனல் அடிக்குமே, அதே வேலை இங்கே எதிர்த் திசையில் நடக்கிறது. புதுமையும் அல்ல: சூரிச் நகர மன்றக் கட்டடத்துக்கு லிம்மாட் ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப்பை 1938-லேயே வைத்துவிட்டார்கள்.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். ஆனால் தண்ணீரை எவ்வளவு அதிகமாகச் சூடாக்கச் சொல்கிறோமோ, அவ்வளவுக்கு இந்தக் கணக்கு இறங்கும். பிரிட்டனில் எரிவாயுவைவிட மின்சாரம் பல மடங்கு விலை என்பதால், இந்த இறக்கம் நேராகக் கட்டணத்தில் தெரியும்.

சிக்கல் ரேடியேட்டரில்தான் இருக்கிறது. பழைய ரேடியேட்டர்கள் 70 டிகிரித் தண்ணீருக்கென்று அளவெடுத்தவை. ஹீட் பம்ப்பின் மின்செலவைக் குறைக்க அவற்றில் 45 டிகிரித் தண்ணீரை ஓடவிட்டால், முன்பு தந்த வெப்பத்தில் பாதிகூட வராது. அதனால் சில அறைகளில் பெரிய ரேடியேட்டர் தேவைப்படும். சுவரும் கூரையும் வெப்பத்தை ஒழுகவிடாமல் இருக்க வேண்டும். இதைக் கணக்கிடாமல் பொருத்திவிட்டு, பிறகு வீடு சூடாகவில்லை என்று இயந்திரத்தைக் குறை சொல்வது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. குழாயைத் திறந்ததும் வெந்நீர் தரும் காம்பி பாய்லர் வைத்திருப்பவர்கள், வெந்நீர்த் தொட்டிக்கும் ஓர் இடம் பார்க்க வேண்டும்.

செலவில்லாத ஒரு சோதனை உண்டு. நல்ல குளிர் நாளில், ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் வெப்பநிலையை மட்டும் இப்போதுள்ள பாய்லரிலேயே 50 டிகிரிக்குக் குறைத்து, நிறுத்தாமல் ஓடவிடுங்கள். வீடு கதகதப்பாகவே இருந்தால், சரி, பெரிய மாற்றமில்லாமல் ஹீட் பம்ப் வைக்கலாம். ஏதாவது ஓர் அறை மட்டும் சில்லிட்டால், வேலையை அந்த அறையில் தொடங்குங்கள்.