கிளவுட்ல ஆப் போடறதுக்கு முன்னாடி யார் பாத்துக்கப் போறாங்கன்னு முடிவு பண்ணுங்க

ஹோஸ்டிங் பத்தி கேக்க வர்றவங்க முக்காவாசி பேர் எடுத்த எடுப்புல "அமேசானோட ஏடபிள்யூஎஸ் நல்லதா, மைக்ரோசாஃப்டோட அசூர் நல்லதா"ன்னுதான் கேக்கறாங்க. அத அப்புறம் பாத்துக்கலாம்ங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துச்சுன்னா யார் எந்திரிச்சு பாக்கப்போறா, அத சொல்லுங்க மொதல்ல.

ஆள் இருக்குன்னா விஎம், அதாவது வாடகை விர்ச்சுவல் மெஷின், எடுக்கலாம். 2006ல அமேசான் ஈசி2ங்கற விஎம் சர்வீஸ ஆரம்பிச்ச நாள்லேர்ந்து கணக்கு ஒண்ணுதான், மெஷின் வாடகைக்கு, ஓஎஸ் பேட்ச் (அப்டேட்), ஃபயர்வால், பேக்கப் எல்லாம் உங்க தலைல. ஆள் இல்லையா, கூகுளோட ஆப் எஞ்சின், ஹெரோக்கு மாதிரி சர்வர அவங்களே பாத்துக்கற பிளாட்ஃபார்ம் போங்க, கோட தள்ளினா போதும், கொஞ்சம் காசு கூட ஆகும், ஆனா தூக்கம் கெடாது. ஃப்ரீ பிளான நம்பி மட்டும் பிசினஸ ஓட்டாதீங்க, ஹெரோக்கு 2022 நவம்பர்ல அத தூக்கிட்டாங்க.

சர்வர்லெஸ், அதாவது சர்வர நீங்க பாத்துக்காம ரெக்வெஸ்ட் வர்றப்ப மட்டும் கோட ஓட்டறது, அதுன்னா எல்லாருக்கும் ஒரு மயக்கம். ரெக்வெஸ்ட் வந்தாதான் காசுங்கறது உண்மைதான், எப்பவாவது கூட்டம் வர்ற ஆப்புக்கு அருமையா செட் ஆகும். ஆனா ஏடபிள்யூஎஸ்ஸோட சர்வர்லெஸ் சர்வீஸான லாம்ப்டால ஃபங்ஷன் (அதுல ஓடற கோட் துண்டு) ஒண்ணு 15 நிமிஷத்துக்கு மேல ஓடாது, பெரிய வீடியோ கன்வர்ட் பண்ற வேலைய அதுல போட்டா பாதில வெட்டிடும். இன்னொண்ணு, கூட்டம் வந்தா ஃபங்ஷன் காப்பி காப்பியா எழும்பும், ஒவ்வொண்ணும் டேட்டாபேஸுக்கு தனி கனெக்ஷன் திறக்கும், போஸ்ட்கிரஸ்ங்கற டேட்டாபேஸ்ல கனெக்ஷனுக்கு டீஃபால்ட் லிமிட்டே 100தான், ஆப் நல்லா இருக்கும் டேட்டாபேஸ் மூச்சு முட்டி நிக்கும். நடுவுல கொஞ்ச கனெக்ஷனையே எல்லாருக்கும் பகிர்ந்து குடுக்கற ஒரு கனெக்ஷன் பூலர் கண்டிப்பா வேணும்.

நிறைய சர்வர்ல ஆப்ப பிரிச்சு ஓட்டற குபெர்னெட்டிஸ்? ரெண்டு பேர் டீமுக்கு வேண்டாம். அவ்ளோதான்.

இப்ப பில்லு. ஒரு கிளையன்ட் டெஸ்ட் சர்வர ஸ்டாப் பண்ணியாச்சுன்னு நிம்மதியா இருந்தாங்க, மாசக் கடைசில பில்ல பிரிச்சுப் பாத்தா டிஸ்க், பழைய ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கோட காப்பி), சும்மா நிக்கற லோட் பேலன்சர் (ட்ராஃபிக்க பிரிச்சு அனுப்பறது)னு வரிசையா ஓடிட்டிருக்கு. ஸ்டாப் வேற டெலீட் வேற. ஏடபிள்யூஎஸ்ல 2024 பிப்ரவரிலேர்ந்து பப்ளிக் ஐபிவி4 அட்ரஸ் (இன்டர்நெட்ல சர்வரோட விலாசம்) ஒவ்வொண்ணுக்கும் மணிக்கு 0.005 டாலர், யூஸ் பண்ணாலும் பண்ணாட்டியும். ஏடபிள்யூஎஸ்ஸே நடத்திக் குடுக்கற ஆர்டிஎஸ் டேட்டாபேஸ ஸ்டாப் பண்ணா இன்னும் கூத்து, 7 நாள்ல தானா எந்திரிச்சு ஓட ஆரம்பிச்சிடும்! டேட்டா உள்ள வர்றதுக்கு பெரும்பாலும் காசு கிடையாது, வெளிய போறதுக்குத்தான் மீட்டர், அதனால படம், வீடியோ நிறைய குடுக்கற ஆப்புன்னா சிபியு விலைய விட இத மொதல்ல கணக்குப் போடுங்க.

பட்ஜெட் அலர்ட் போட்டா லிமிட் தாண்டினதும் சர்வர் தானா நின்னுடும்னு நெறைய பேர் நெனச்சிட்டிருக்காங்க. நிக்காது, சாதாரண அலர்ட் வெறும் மெயில்தான், அதுவும் சில மணி நேரம் லேட்டா வரும். யாரும் திறக்காத அட்மின் இன்பாக்ஸுக்கு அது போகாம, காசு கட்டறவர் மெயிலையும் சேத்துப் போட்டு வைங்க.