பார்ட்னர் தயங்கிவிட்டு பாஸ் சொன்னால்

இந்த வாரமும் அதே அழைப்புதான்: பார்ட்னர் தயங்கிவிட்டு பாஸ் சொன்னார், அடுத்தவர் ஏலத்தில் மேலே போனார், எதிரணி டைரக்டரைக் கூப்பிட்டது. சீட்டு வேறு, ஆட்கள் வேறு; நடந்ததும் பேசியதும் ஒரு வரி மாறவில்லை. பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டிகளில் டைரக்டராக, அதாவது மேசைத் தகராறுகளுக்கு விதிப்படி தீர்ப்புச் சொல்பவராக, வேலை பார்க்கும் எவரையும் கேளுங்கள், எந்த அழைப்பு வந்தால் மனம் சலித்துப்போகிறது என்று. இதைத்தான் சொல்வார்கள். மேசை மேசையாக நின்று விளக்கி அலுத்துவிட்டது, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஆட்கள் யார் என்று தெரியாமலிருக்கச் சீட்டுகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். வடக்கும் தெற்கும் ஒரு ஜோடி, கிழக்கும் மேற்கும் எதிர் ஜோடி. இரண்டு பக்கமும் வல்னரபிள், அதாவது போனஸும் அபராதமும் கூடுதல். தெற்கு 1 ஸ்பேட் என்று ஏலத்தைத் தொடங்குகிறார்: ஸ்பேட் துருப்பாக, ஆறுக்கு மேல் ஒரு டிரிக் (சீட்டுச் சுற்று) ஜெயிப்போம் என்று பொருள். மேற்கு ஒரே தாவாக 4 ஹார்ட். வடக்கு பிடிங் பாக்ஸ் (ஏல அட்டைப் பெட்டி) வரை கையைக் கொண்டுபோகிறார், எதையும் எடுக்காமல் திருப்பிக்கொள்கிறார். சீட்டுகளைக் கலைத்து மறுபடி அடுக்குகிறார். அரை நிமிடத்துக்கு மேல் போன பிறகு பச்சை அட்டை வெளியே வருகிறது: பாஸ். கிழக்கும் பாஸ். தெற்கு மூச்சுகூட விடாமல் 4 ஸ்பேட்!

தெற்கின் கை இது. ஸ்பேடில் ஏஸ், குயின், ஜாக், 8, 7, 4. ஹார்ட்டில் 6, 3. டைமண்டில் கிங், 8, 5. கிளப்பில் குயின், 7. மொத்தம் 12 பாயிண்ட் (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1). எதிரே வடக்கிடம் ஸ்பேட் கிங்கும் ஒரு சின்னச் சீட்டும், டைமண்டில் ஏஸ் ஜாக்குடன் ஐந்து, கிளப்பில் கிங்குடன் நான்கு. ஆட்டம் சரியாகப் பத்து டிரிக்குடன் நின்று 620 கிடைத்தது. கிழக்கு மேற்கு என்னை அழைத்தார்கள்.

நான் செய்தது வழக்கமான வேலைதான். தெற்கின் கையை அதே தரத்து ஆட்டக்காரர்கள் சிலரிடம் காட்டி, தயக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், “1 ஸ்பேட், 4 ஹார்ட், பாஸ், பாஸ், இப்போது என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டேன். சிலர் 4 ஸ்பேட் என்றார்கள், சிலர் பாஸ் என்றார்கள். அவ்வளவு போதும். தெற்கு பாஸ் சொன்னதாக வைத்து, ஸ்கோரை 4 ஹார்ட் ஒரு டிரிக் குறைவு என்று மாற்றினேன், வடக்கு தெற்குக்கு 100. அதே சீட்டுகளை ஆடிய அடுத்த மேசையிலும் 4 ஹார்ட் ஒன்று குறைந்திருந்ததால், வந்திருந்த 11 இம்ப் (இரு மேசை ஸ்கோர் வித்தியாசத்துக்குத் தரும் புள்ளி) பூஜ்யமானது.

உடனே வந்தது அந்த வாக்கியம். “சார், ஆறு ஸ்பேட் இருக்கிறது. அவர் யோசிக்காமல் இருந்தாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன்.”

சொல்லியிருப்பீர்கள். நம்புகிறேன். பிரச்சினை அதுவே இல்லை என்பதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் யாரும் காதில் வாங்குவதில்லை. உங்கள் மனதுக்குள் என்ன இருந்தது என்று டைரக்டர் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. இப்போது நடப்பிலிருக்கும் 2017 விதிநூலின் 16-ஆம் விதி கேட்பது இரண்டே கேள்விகள். முதலாவது, உங்கள் தரத்து ஆட்டக்காரர்களில் கணிசமானவர்கள் தீவிரமாக யோசிக்கக்கூடிய, அவர்களில் சிலராவது தேர்ந்தெடுக்கக்கூடிய வேறொரு நியாயமான வழி இருந்ததா? இரண்டாவது, நீங்கள் எடுத்த வழியை அந்தத் தயக்கம் வெளிப்படையாகக் காட்டிக்கொடுத்ததா? இரண்டுக்கும் ஆம் என்றால் அந்த வழி உங்களுக்கு அடைபட்டது. தயக்கம் காட்டாத வழியில்தான் போக வேண்டும். நீங்கள் நாணயமானவர் என்பதும், ஏலம் தொடங்கும்போதே முடிவெடுத்துவிட்டீர்கள் என்பதும் இந்தக் கணக்கில் வராது.

ஏன் இப்படி ஒரு விதி என்று தெற்கின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். வடக்கு சாதாரண வேகத்தில் பாஸ் சொல்லியிருந்தால் அவரிடம் 2 பாயிண்டும் இருக்கலாம், 10 பாயிண்டும் இருக்கலாம். ஒன்றுமில்லாத கை என்றால் 4 ஸ்பேடுக்கு டபுள் விழும், அதாவது எதிரணி பந்தயத்தை ஏற்றிவிடும். வல்னரபிளில் இரண்டு குறைந்தால் 500, மூன்று குறைந்தால் 800. அதைவிடக் கொடுமை, 4 ஹார்ட் தானாகவே விழவிருந்த ஆட்டமாக இருந்தால், கையில் இருந்த பிளஸ்ஸை நீங்களே மைனஸ் ஆக்கிக்கொள்கிறீர்கள். பாஸ் சொன்னவர்கள் இந்தப் பயத்தில்தான் சொன்னார்கள், அது நியாயமான பயம். வடக்கு அரை நிமிடம் திணறியதும் அந்தப் பயம் போய்விடுகிறது. ஒன்றுமில்லாத கையோடு யாரும் அப்படித் திணறுவதில்லை. அவரிடம் ஏதோ இருக்கிறது என்று மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கடினமான முடிவு சுலபமாகிவிட்டது, ஆனால் அதைச் சுலபமாக்கியது ஏலம் அல்லவே.

அந்த இடத்தில் டபுள் சொல்லியிருந்தாலும் இதே கதைதான். தயக்கம் சொன்னது “ஏதாவது செய்” என்பது, ஸ்பேட் சொல்லச் சொல்லவில்லை.

“அப்போ என்னை ஏமாற்றுக்காரன் என்கிறீர்களா?” என்று அடுத்த கேள்வி வரும், குரலும் உயரும். இல்லை. ஸ்கோரை மாற்றுவது தண்டனை இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. நடந்த கோளாறால் எதிரணிக்கு வந்த நஷ்டத்தைச் சரிக்கட்டுவது மட்டும்தான். பல வருடப் பழக்கமுள்ளவர்கள் இதற்காக மனஸ்தாபப்பட்டு ஒருவரோடொருவர் பேசாமல் போவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

எதிர்முனைக்கு ஓடுகிறவர்களும் உண்டு. பார்ட்னர் யோசித்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படி விதியில் எங்கும் இல்லை. உங்கள் கையில் ஏஸ் கிங் குயின் ஜாக்கோடு எட்டு ஸ்பேட், ஹார்ட்டே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்ட்னர் பத்து நிமிடம் யோசித்தாலும் நீங்கள் 4 ஸ்பேட் சொல்லலாம், ஏனென்றால் அந்தக் கையோடு பாஸ் சொல்ல ஆளே கிடைக்காது. நியாயமான வேறு வழி இல்லாத இடத்தில் தயக்கத்துக்கு மதிப்பு இல்லை.

இன்னொரு பழைய நோய், கீகார்ட் (நான்கு ஏஸும் துருப்பு கிங்கும்) எத்தனை என்று பார்ட்னரைக் கேட்டுவிட்டு மெதுவாக நிறுத்துவது. ஸ்பேட் துருப்பு என்று ஒத்துக்கொண்டாயிற்று. ஒருவர் 4 நோ டிரம்ப் போட்டுக் கேட்கிறார், பதில் வருகிறது, அவர் யோசி யோசி என்று யோசித்து 5 ஸ்பேடில் நிறுத்துகிறார். பதில் சொன்னவர் 6 ஸ்பேட் போடுகிறார்! கேட்டவர்தானே கேப்டன்? இரண்டு கீகார்ட் குறைந்திருந்தால் அவர் சட்டென்று நிறுத்தியிருப்பார், மெதுவாக நிறுத்தினால் ஒன்றுதான் குறைகிறது என்று குழந்தைக்கும் தெரியும். ஒரே விதிவிலக்கு, உங்கள் பதிலுக்கு 0 அல்லது 3 என்று இரண்டு பொருள் இருந்து, நீங்கள் 3 வைத்திருந்து, அவர் 0 என்று எண்ணி நிறுத்தியிருக்கக்கூடும் என்ற நிலை. அங்கே மேலே போவது உங்கள் முறையிலேயே உள்ளது. மற்ற இடங்களில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

இனி யோசிக்கிறவர்களுக்கு. யோசிப்பது தப்பே இல்லை. 73-ஆம் விதி சீரான வேகத்தை விரும்புகிறது, ஆனால் தற்செயலாக வேகம் மாறுவதைக் குற்றம் என்று சொல்லவில்லை. எதிராளி நாலு நொடி கூடுதலாக எடுத்தால் உடனே “டைரக்டர்!” என்று கத்துகிறவர்கள் தயவுசெய்து இதை இரண்டு தரம் படிக்கவும். எதிராளியின் தயக்கத்திலிருந்து நீங்கள் எதையும் ஊகித்துக்கொள்ளலாம், உங்கள் சொந்தப் பொறுப்பில். பார்ட்னரின் தயக்கத்தைத்தான் தொடக்கூடாது. யோசிக்க எதுவுமே இல்லாதபோது எதிராளியைக் குழப்புவதற்காக வேண்டுமென்றே தாமதிப்பது வேறு விஷயம். அதை நான் மன்னிப்பதில்லை.

ஆனால் வடக்கு அவ்வளவு நேரம் எடுத்ததற்குக் காரணம் என்ன தெரியுமா? பின்னால் விசாரித்தேன். நாலாம் மட்டத்தில் டபுள் சொன்னால் அது பெனால்டியா, “கையில் சரக்கு இருக்கிறது, நீயே முடிவெடு” என்பதா என்று அந்த ஜோடி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. பேசியிருந்தால் அந்த 11 பாயிண்ட் கைக்கு டபுள் கச்சிதமான சொல். ஆறு ஸ்பேட் உள்ள தெற்கு அதைத் தாராளமாக 4 ஸ்பேடுக்கு இழுத்திருப்பார், அதே 620 வந்திருக்கும், யாரும் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஏல முறையில் நூறு கன்வென்ஷன் மனப்பாடம், அடிக்கடி வருகிற இந்த டபுளுக்கு அர்த்தம் கிடையாது. பெரும்பாலான “கஷ்டமான” முடிவுகள் இப்படித்தான் கஷ்டமாகின்றன.

நேரத்தை எங்கே செலவழிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். 1 ஸ்பேட் சொல்வதற்கு முன்பே அடுத்த சுற்றை யோசியுங்கள்: எதிராளி ஹார்ட்டில் தாவினால் என்ன செய்வேன், 3 வரை போவேனா, 4 வரை போவேனா? வல்னரபிள் யார் என்பதை முதல் பிட்டுக்கு முன்பே பாருங்கள், ஐந்தாம் மட்டத்துக்கு வந்தபிறகு போர்டை எட்டிப் பார்க்காதீர்கள். இம்ப் ஆட்டத்தில் வல்னரபிள் கேமுக்கு (4 ஸ்பேட் போன்ற, பெரிய போனஸ் தரும் ஏலத்துக்கு) 37.5 சதவீத வாய்ப்பு இருந்தாலே போதும், வல்னரபிள் இல்லாவிட்டால் சுமார் 45 வேண்டும் என்ற கணக்கு வீட்டிலேயே மனதில் பதிந்திருக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து போடுகிற கணக்கு இல்லை அது.

தாவி வரும் பிட்டுக்குப் பிறகு அடுத்துச் சொல்ல வேண்டிய எதிராளி ஏறக்குறைய 10 நொடி பொறுக்க வேண்டும் என்று பல போட்டிகளில் வைத்திருப்பது இதற்காகத்தான். அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். கையில் ஒன்றுமில்லாதவர் சட்டென்று பச்சை அட்டையை வீசுகிறார், பிரச்சினை உள்ளவர் மட்டும் 10 நொடி எடுக்கிறார். அப்படியானால் அந்த வேகமான பாஸும் தகவல்தானே! அவசரம், தயக்கம் இரண்டையும் விதி ஒன்றாகத்தான் வைக்கிறது. 2 பாயிண்ட் கையோடும் அந்த 10 நொடியைக் கொடுங்கள், சீட்டைப் பார்த்துக்கொண்டு கொடுங்கள், சுவரைப் பார்த்துக்கொண்டு கொடுக்காதீர்கள். அப்போதுதான் நிஜமாக யோசிக்க வேண்டிய நாளில் உங்களுக்கு ஒரு மறைப்பு இருக்கும். 1975-இல் நடந்த “பெர்முடா பௌல்” உலக சாம்பியன்ஷிப் முதல் உலகப் போட்டிகளில் மேசைக்குக் குறுக்கே திரை வைக்கிறார்கள். திரைக்கு அந்தப் பக்கம் பார்ட்னரோடு ஒரு எதிராளியும் உட்கார்ந்திருப்பதால், ஏல அட்டைகள் வரும் ட்ரே தாமதமாக வந்தாலும் தயங்கியது யார் என்று பல நேரம் தெரியாது. நம் மேசைகளில் திரை இல்லை, நிதானம் மட்டும்தான்.

நேரம் கடந்து யோசித்துவிட்டீர்களா? முடிந்தவரை அதற்குப் பிறகு பாஸ் சொல்லாதீர்கள். நீண்ட யோசனைக்குப் பின் வரும் பாஸ் பார்ட்னரின் கையைக் கட்டிப்போடுகிறது. இரண்டு வழியும் சமமாகத் தெரிந்தால், தெளிவான ஒரு பிட்டாகச் சொல்லி முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவான பெனால்டி டபுளும் ஆபத்துதான். பார்ட்னர் அதை இழுத்தார் என்றால் மறுபடி நான் வர வேண்டியிருக்கும்.

எதிரணி தயங்கியதாகத் தோன்றினால் சண்டைக்குப் போகாதீர்கள். “கொஞ்சம் நீண்ட யோசனை இருந்தது, ஒத்துக்கொள்கிறீர்களா?” என்று மரியாதையாகக் கேளுங்கள், ஆம் என்றால் ஆட்டத்தைத் தொடருங்கள், முடிந்தபின் நஷ்டம் என்று பட்டால் அழையுங்கள். அவர்கள் மறுத்தால் அப்போதே என்னைக் கூப்பிட வேண்டும். மூன்று ஆட்டம் கழித்து வந்து யார் எத்தனை நொடி எடுத்தார் என்று என்னிடம் கேட்டால் நான் எங்கே போவேன்?

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த போட்டிக்கு வருவதற்கு முன் பார்ட்னரோடு கொஞ்ச நேரம் உட்காருங்கள். நாம் ஒன்றில் தொடங்கி எதிராளி நாலுக்குத் தாவினால் டபுளுக்கு என்ன பொருள், ப்ரீஎம்ப்ட் செய்தவர் (எதிராளியை அடைக்க உயரத் தாவியவர்) மறுபடி வாய் திறக்கலாமா, ஐந்தாம் மட்டத்தில் பாஸ் சொன்னால் பார்ட்னர் ஏதாவது செய்தே ஆக வேண்டுமா. இந்த மூன்றையும் பேசி, ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.