ஆயாவின் கலங்கல் இன்சுலின்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் என் ஆயா ராத்திரி போட்டுக்கொள்ளும் இன்சுலின் கலங்கலாக இருக்கும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்து, குலுக்காமல், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மெல்ல உருட்டுவார். அடியில் படிந்த வெள்ளை எழும்பிப் பால் மாதிரிப் பரவும். அந்த வெள்ளை முழுக்கப் பொடிப்பொடியான படிகங்கள். அவை கொஞ்சங்கொஞ்சமாகக் கரைவதால்தான் மருந்து விடியும்வரை தாக்குப்பிடிக்கிறது. சாப்பாட்டுக்கு முன் போடும் இன்னொன்று தண்ணீர் போலத் தெளிந்திருக்கும். (1860 முதல் நம் முன்னோரை நேட்டாலுக்குக் கரும்பு வெட்ட வரவழைத்ததும் ஒரு படிகம்தான்: சீனி.)

ஒரே மாதிரி மூலக்கூறுகள் வரிசை பிசகாமல் அடுக்கி நிற்பதே படிகம். அந்த மூலக்கூறின் உருவத்தைப் பார்க்கச் சாதாரண ஒளி உதவாது: கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் அணுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது. எக்ஸ்ரேயின் அலைநீளம் அணுவின் அளவை ஒட்டியது. ஆனால் ஒற்றை மூலக்கூறு சிதறடிக்கும் எக்ஸ்ரே மிகச் சொற்பம். கோடானுகோடி மூலக்கூறுகள் ஒழுங்காக நின்றால் சிதறல்கள் சேர்ந்து வலுப்பெற்று, புள்ளிகளாகப் பதியும்.

புள்ளிகள் மட்டும் போதாது. கோலத்துக்குப் புள்ளி இருக்கிறது, கோடு போகும் வழி தெரியவில்லை. புள்ளியின் பிரகாசம் அலையின் வலுவைச் சொல்லும். அதன் முகடு மற்ற அலைகளுக்கு முந்தி வந்ததா பிந்தி வந்ததா என்று சொல்லாது. அது தெரியாமல் உருவத்தை மீட்க முடியாது. எக்ஸ்ரேயால் படிகத்தை ஆராயும் துறையை வருடக்கணக்கில் திணறடித்த முடிச்சு இதுதான். படிகத்துக்குள் ஈயம் போன்ற கனமான அணுவை நுழைத்து, எந்தப் புள்ளி எவ்வளவு மாறுகிறது என்று ஒப்பிட்டே அதை அவிழ்த்தார்கள்.

பிரிட்டிஷ் வேதியியலாளர் டாரதி ஹாட்ஜ்கின் இன்சுலின் படிகத்தை எக்ஸ்ரே படம் எடுத்தது 1935-இல். உருவம் கிடைத்தது 1969-இல். 34 ஆண்டுப் பொறுமை! அந்தக் குழுவில் இந்தியரான எம். விஜயனும் இருந்தார். இன்று பிரான்சின் கிரெனோபிள் நகரில் வலுவான எக்ஸ்ரேயை உண்டாக்கும் சின்க்ரோட்ரான் என்ற கருவியில், -173 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்த படிகத்தை அளந்து முடிக்கச் சில நிமிடம் போதும்.

ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் இரண்டு துத்தநாக அணுக்களைச் சுற்றிக் கட்டிப்பிடித்து நிற்பதை 1969-இல் கண்டார்கள். கட்டுப் பிரிந்தால்தான் மருந்து ரத்தத்தில் சேரும். ஒட்டும் இடம் தெரிந்துவிட்டதால், பின்னால் வந்தவர்கள் இன்சுலினின் இரண்டு அமினோ அமிலச் சங்கிலிகளில் ஒன்றான பி சங்கிலியில் 28, 29-ஆம் இடங்களில் இருக்கும் அமினோ அமிலங்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றி வைத்தார்கள். பிடி தளர்ந்தது. ஊசி போட்டதும் சட்டென்று பிரிந்து வேலையைத் தொடங்கும் அந்த இன்சுலின், லிஸ்ப்ரோ என்ற பெயரில் 1996-இல் புழக்கத்துக்கு வந்தது. ஆயா சோற்றுக்கு முன் போடும் தெளிந்த மருந்து அதுதான். அதை உருட்ட வேண்டியதில்லை.