நெட் தடுமாறும்போது முதலில் காப்பாற்ற வேண்டியது குரலை

வீடியோ ஸ்ட்ரீமிங் வேலையில் இருப்பவர்களிடம் அடிக்கடி வந்து சேரும் புகார் ஒன்று உண்டு. "ஸ்பீடு டெஸ்ட் போட்டா நாற்பது காட்டுது, ஆனா வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு." கேட்டதும், சொல்பவர் எதையோ தப்பாகப் பார்த்திருக்கிறார் என்று நினைக்கிற பொறியாளர்கள் இருக்கிறார்கள். அவர் சொல்வதில் இரண்டுமே உண்மை. ஸ்பீடு டெஸ்ட் பெரும்பாலும் அருகிலுள்ள ஒரு சர்வரோடு, ஒரே சமயத்தில் பல இணைப்புகளைத் திறந்து, சில விநாடிகள் அளந்து ஓர் எண்ணைக் கொடுக்கிறது. வீடியோ வேறெங்கோ இருக்கும் சர்வரிலிருந்து மணிக்கணக்காக வந்துகொண்டே இருக்க வேண்டும். வழியில் எத்தனை பேக்கெட் (தரவு பயணிக்கும் சிறு பொட்டலம்) தொலைகிறது, போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது, அந்த நேரம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதெல்லாம் அந்த ஒற்றை எண்ணில் தெரியாது. வீடியோ ஓடுமா நிற்குமா என்பதை முடிவு செய்வது இவைதான்.

நூற்றுக்கு ஒரு பேக்கெட் தொலைகிறது, போய்த் திரும்ப 100 மில்லிவிநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பேக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைப்பது, நெட்டில் தரவைக் கொண்டுசேர்க்கும் விதிமுறையான டிசிபியின் பழைய வழக்கம். அந்தக் கணக்கின்படி இந்த நிலையில் ஓர் இணைப்புக்குக் கிடைப்பது விநாடிக்குச் சுமார் 1.4 மெகாபிட். நீங்கள் பணம் கட்டி வாங்கியது 10 மெகாபிட்டா 100 மெகாபிட்டா என்பது இங்கே செல்லுபடியாகாது. மொபைல் நெட்வொர்க்கில் பேக்கெட் தொலைவதற்கு நெரிசல் மட்டும் காரணமும் அல்ல. சிக்னல் மங்கினாலும், ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்கு மாறினாலும் தொலையும். கூகுள் 2016-இல் வெளியிட்ட பிபிஆர் போன்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறைகள் இந்த வேறுபாட்டை நன்றாகவே சமாளிக்கின்றன. ஆனால் அது அனுப்புகிற சர்வரில் போடப்பட வேண்டியது. பார்க்கிறவர் கையில் இல்லை.

பார்க்கிறவர் கையில் இல்லாத இந்த மாதிரி முடிவுகள்தான் என்னை எழுத வைக்கின்றன. நெட் மோசமான இடத்தில் இருப்பவருக்கு வகுப்பு கிடைக்குமா, டாக்டரின் பேச்சு கேட்குமா என்பது பெரும்பாலும் நல்ல நெட் உள்ள இடத்தில் உட்கார்ந்து நாம் எடுக்கும் முடிவுகளால் தீர்மானமாகிறது.

ப்ளேயர் என்ன செய்கிறது

சேமித்து வைத்த வீடியோவை இன்று பெரும்பாலும் ஒரே கோப்பாக அனுப்புவதில்லை. சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் தயாராக வைக்கிறோம். 2009-இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ், 2012-இல் ஐஎஸ்ஓ அமைப்பின் தரநிலையாக வந்த டாஷ் என்ற இரண்டு ஸ்ட்ரீமிங் முறைகளும் இந்த வழியில்தான் நடக்கின்றன. அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று முடிவெடுப்பது சர்வர் அல்ல, உங்கள் கையிலிருக்கும் ப்ளேயர். அந்த முடிவு பிசகினால்தான் திரையில் வட்டம் சுற்றுகிறது.

ஒரு காட்சியை நெருங்கிப் பார்க்கலாம். துண்டுக்கு 6 விநாடி. ப்ளேயரின் பஃபரில், அதாவது முன்கூட்டியே இறக்கிச் சேர்த்து வைத்ததில், 18 விநாடி வீடியோ இருக்கிறது. இதுவரை நெட் நன்றாக இருந்ததால் விநாடிக்கு 5 மெகாபிட் தரத்தில் அடுத்த துண்டைக் கேட்கிறது. துண்டின் அளவு 30 மெகாபிட். அதே நொடியில் நெட் விநாடிக்கு 1 மெகாபிட்டுக்கு விழுகிறது. இனி அந்தத் துண்டு வந்து சேர 30 விநாடி ஆகும். பஃபர் 18 விநாடியில் காலியாகிவிடும். மிச்சம் 12 விநாடி படம் உறைந்து நிற்கும்.

நல்ல ப்ளேயர் இதை மூன்றாவது விநாடியிலேயே கவனித்துவிடும். 3 மெகாபிட்தான் வந்திருக்கிறது, இது தேறாது என்று அந்தத் துண்டைப் பாதியில் கைவிட்டு, அதே 6 விநாடியை 300 கிலோபிட் தரத்தில் கேட்கும். அது வெறும் 1.8 மெகாபிட், 1.8 விநாடியில் வந்துவிடும். மொத்தம் 4.8 விநாடி செலவு, 6 விநாடி வரவு. படம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான், நிற்காது. இறக்கிய பாதித் துண்டு வீணாகிறதே என்று இந்தக் கைவிடும் வசதியைச் சேர்க்கத் தயங்குகிறவர்கள் உண்டு. 3 மெகாபிட் வீணாவதற்கும் 12 விநாடி நிற்பதற்கும் நடுவில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடந்த சில துண்டுகள் வந்த வேகத்தை வைத்து அடுத்ததைக் கணிப்பது பழைய முறை. வேகம் தாறுமாறாக ஆடும் நெட்டில் இந்தக் கணிப்புக்குப் பொருளே இல்லாமல் போகும். கணிப்பைத் தள்ளிவைத்துவிட்டு, பஃபரில் எத்தனை விநாடி மிச்சம் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்கலாம் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தாரும் நெட்ஃப்ளிக்ஸும் சேர்ந்து 2014-இல் காட்டினார்கள். குறைந்தால் இறங்கு, நிறைந்தால் ஏறு. இன்றைய ப்ளேயர்கள் பலவும் இரண்டையும் கலந்துதான் செய்கின்றன.

ஆனால் ப்ளேயர் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும், இறங்குவதற்குக் கீழே படி இருக்க வேண்டும். நான் பார்க்கும் தர ஏணிகள் பலவற்றில் மேலே நான்கைந்து படிகள் நெருக்கமாக இருக்கும். கீழே 800 கிலோபிட்டோடு ஏணி முடிந்துவிடும். அதற்குக் கீழே போன நெட்டுக்கு எதுவுமே இல்லை. மொபைலில் பார்ப்பவர்களுக்காக 192 கிலோபிட்டுக்கு மேற்படாத ஒரு படி கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஆப்பிளின் எச்எல்எஸ் வழிகாட்டுதலே சொல்கிறது. அதற்கும் அடியில் ஒலி மட்டும் உள்ள ஒரு படி வைத்துவிட்டால், படம் போனாலும் பேச்சு தொடரும். வைப்பதற்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இதை வைக்காமல் விடுவதற்கு ஒரு நியாயமான காரணத்தை இதுவரை நான் கேட்டதில்லை.

நேரலையில் பேசும்போது

வீடியோ காலில் கதை வேறு. அங்கே 18 விநாடி பஃபர் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு பக்கம் பேசியது மறுபக்கம் போய்ச் சேர 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும், 400-ஐத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவின் ஜி.114 பரிந்துரை. தொலைந்த பேக்கெட்டை மறுபடி கேட்டு வாங்குவதற்குள் பேச்சு நகர்ந்துவிடும். அதனால் தொலைவதை முன்கூட்டியே எதிர்பார்த்து அனுப்ப வேண்டியிருக்கிறது.

2012-இல் தரநிலையாக்கப்பட்ட ஓபஸ் என்ற கோடெக் (ஒலியைச் சுருக்கி விரிக்கும் முறை) இதற்கென்றே ஒரு வசதி வைத்திருக்கிறது. ஒவ்வொரு பேக்கெட்டிலும் அந்த நேரத்துக் குரலோடு, முந்தைய பேக்கெட்டில் போன குரலின் மட்டமான தரப் பிரதி ஒன்றையும் சேர்த்து அனுப்பலாம். ஒன்று தொலைந்தால் அடுத்ததிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். வரிசையாக நாலைந்து தொலைந்தால் இது உதவாது. அப்போது பெறுகிற பக்கம் முந்தைய ஒலியை இழுத்து நிரப்பிச் சமாளிக்கும். கேட்பவருக்கு ரோபோ பேசுவது போல இருக்கும்.

எளிதில் கண்ணில் படாத ஒரு செலவும் இங்கே இருக்கிறது. 20 மில்லிவிநாடிக்கு ஒரு பேக்கெட் என்றால் விநாடிக்கு 50 பேக்கெட். ஒவ்வொன்றின் தலைப்பிலும் முகவரி, வரிசை எண் என்று 40 பைட் போகும். அதுவே விநாடிக்கு 16 கிலோபிட். குரலை 16 கிலோபிட்டுக்குச் சுருக்கிவிட்டோம் என்று திருப்திப்பட்டால், வெளியே போவது 32. பேக்கெட் நீளத்தை 60 மில்லிவிநாடியாக்கினால் தலைப்புச் செலவு 5 கிலோபிட் அளவுக்கு இறங்கும். தாமதம் கொஞ்சம் கூடும், ஒரு பேக்கெட் தொலைந்தால் அதிகம் தொலையும். ஆனாலும் மிகக் குறைந்த நெட்டில் இந்த மாற்றம் அழைப்பைத் தக்கவைக்கும். இதை நெட்டைப் பார்த்துத் தானாக மாற்றிக்கொள்ளும்படி எழுதுவதே சரி.

படத்தின் பக்கம் பெரிய தலைவலி முழுப்படம் கேட்பதில் வருகிறது. வீடியோவில் பெரும்பாலான ஃபிரேம்கள் (அடுத்தடுத்து வரும் தனிப் படங்கள்) முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சுமக்கின்றன. நடுவில் ஒன்று தொலைந்தால் சங்கிலி அறுந்து, பெறுகிறவர் முழு ஃபிரேம் ஒன்றைக் கேட்பார். முழு ஃபிரேம் மற்றவற்றைவிடப் பல மடங்கு பெரியது. ஏற்கெனவே திணறும் நெட்டில் அது வரும்போதே மறுபடி தொலையும், மறுபடி கேட்பார். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டால் படமும் வராது, அதே வழியில் வரும் குரலும் சேர்ந்து மூழ்கும்.

ஒரு டாக்டர் "அந்த மாத்திரையை இனிமேல் போட வேண்டாம்" என்று சொல்கிறார். கடைசி அரை விநாடி தொலைகிறது. மறுபக்கத்தில் கேட்டது "அந்த மாத்திரையை இனிமேல் போட" என்பதுதான். டாக்டரின் முகம் 720-இல் தெரிந்ததா 144-இல் தெரிந்ததா என்பதால் இங்கே எந்த லாபமும் இல்லை. அதனால்தான் குரலுக்கு வேண்டியதை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் படத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று விடாமல் சொல்கிறேன். மிச்சம் ஒரு வரம்புக்குக் கீழே போனால் படத்தைத் தானாக நிறுத்திவிட்டு, "நெட் குறைவாக இருப்பதால் குரல் மட்டும் தொடர்கிறது" என்று திரையில் ஒரு வரி காட்டினால் போதும். பயனர்கள் இதைத் தாராளமாக ஏற்றுக்கொள்கிறார்கள். காரணம் சொல்லாமல் படம் உறைவதைத்தான் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வகுப்பு எடுப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும்

ஒரு மணி நேர வகுப்பை 1.5 மெகாபிட் வீடியோவாகப் பார்த்தால் 675 எம்பி. அதே வகுப்பின் குரல் மட்டும், மோனோவில், 32 கிலோபிட்டில் 14.4 எம்பி. பாடக் குறிப்பைப் பிடிஎஃப் ஆகக் கொடுத்துவிட்டு இந்த ஒலிக்கோப்பையும் இறக்கிக்கொள்ளும் வசதி செய்தால், டேட்டா குறைவாக உள்ள மாணவர் பாடத்தை இழக்க மாட்டார். ஸ்லைடு காட்டும்போது விநாடிக்கு ஐந்து ஃபிரேம் இருந்தாலே தாராளம். எழுத்து தெளிவாக இருப்பதுதான் முக்கியம். திறந்தவுடன் உச்சத் தரத்தில் ஓடும்படி அமைத்து வைப்பது எனக்கு உடன்பாடில்லாத விஷயம். அது அடுத்தவர் டேட்டாவைக் கேட்காமல் எடுத்துச் செலவழிப்பது. தரத்தைக் குறைப்பதில் கௌரவக் குறைச்சலும் இல்லை. 2020 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் கேட்டுக்கொண்டபோது நெட்ஃப்ளிக்ஸே அங்கே தன் பிட்ரேட்டை (விநாடிக்கு அனுப்பும் தரவின் அளவை) 30 நாட்களுக்குக் குறைத்தது.

பார்ப்பவர்கள் செய்யக்கூடியதும் கொஞ்சம் இருக்கிறது. வீடியோ நின்றதும் ரிஃப்ரெஷ் அழுத்தாதீர்கள். பஃபரில் சேர்த்து வைத்ததை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு ப்ளேயர் முதலிலிருந்து தொடங்கும். தரத்தைக் கையால் ஒரு படி இறக்கிப் பாருங்கள். வீடியோ காலில் இருக்கும்போது போனில் போட்டோ பேக்கப் ஓடுகிறதா என்று பாருங்கள். உங்களிடமிருந்து வெளியே போகும் வழி (அப்லோடு) நிறைந்தால் ரவுட்டரில் பேக்கெட்டுகள் வரிசை கட்டி நிற்கும். ஸ்பீடு நன்றாக இருக்கும், பேச்சு மட்டும் ஒரு விநாடி தாமதமாகப் போகும். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் பலரின் கவனத்துக்குக் கொண்டுவந்த பிரச்சினை இது. ரவுட்டரில் இந்த வரிசையை நீளவிடாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்கியூஎம் என்ற வசதி இருந்தால் இயக்கி வையுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். அப்புறம், வீடியோ கால் திணறினால் உங்கள் கேமராவை அணைப்பதோடு நிற்காமல், உள்ளே வரும் வீடியோக்களையும் நிறுத்திப் பாருங்கள். பல ஆப்களில் அதற்குத் தனி அமைப்பு உண்டு.

ஆப் எழுதுபவர்களுக்கு: அலுவலக வைஃபையில் சோதித்துவிட்டு வெளியிடாதீர்கள். லினக்ஸில் நெட்எம், ஆப்பிள் கருவிகளில் நெட்வொர்க் லிங்க் கண்டிஷனர் என்று நெட்டை வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்கும் வசதிகள் இலவசமாகவே இருக்கின்றன. 300 மில்லிவிநாடி தாமதம், நூற்றுக்கு மூன்று பேக்கெட் இழப்பு என்று வைத்து ஒரு முழு வகுப்பை ஓட்டிப் பாருங்கள். இழப்பு சீராக வராமல் கொத்துக் கொத்தாக வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள், நிஜத்தில் அது அப்படித்தான் வரும். அறிக்கையில் சராசரியைப் பார்க்காதீர்கள். மிக மோசமாக அனுபவித்த நூற்றுக்கு ஐந்து பேருக்கு எத்தனை முறை நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று பாருங்கள். கடைசியாக, நெட்டை முழுவதுமாக இரண்டு நிமிடம் அறுத்துவிட்டு மறுபடி கொடுங்கள். வீடியோ முகவரியோடு வரும் அனுமதிச் சாவி அதற்குள் காலாவதியாகி, ப்ளேயர் "அறியாத பிழை" என்று காட்டி நின்றுவிடுவதைப் பல ஆப்களில் பார்க்கிறேன். சாவியைப் பின்னணியில் புதுப்பித்துக்கொண்டு, நின்ற விநாடியிலிருந்தே ஆப் தானாகத் தொடர வேண்டும்.