ஆடு எட்டாத உயரம்

யாழ்ப்பாணத்தில் ஆடு நிற்கிற வளவின் வேலியைக் கவனித்துப் பாருங்கள். பின்னங்காலில் எழும்பி ஆடு எட்டுகிற உயரம் வரைக்கும் கிளுவையிலும் பூவரசிலும் வெறும் கம்புதான். அதற்கு மேலே குழை அடர்ந்து நிற்கும். அதை ஒடிக்கத்தான் நாங்கள் கொக்கத்தடி எடுக்கிறோம்.

சகாராவுக்குத் தெற்கே, முள்மரங்கள் சிதறி நிற்கும் ஆபிரிக்கப் புல்வெளிகளில் கொக்கத்தடியோடு பிறந்த விலங்கு ஒட்டகச்சிவிங்கி. ஆண் ஐந்தரை மீற்றர் வரை வளரும். கழுத்தெலும்புகள் நமக்கு இருப்பதுபோல 7தான். ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல் நீளம். வேல மர இலைகளில் அதற்குத் தனி விருப்பம். சுமார் 45 சென்ரிமீற்றர் நாக்கு முட்களுக்கிடையே நுழைந்து, கிளையை வளைத்து இலையை உருவும். நாளுக்கு 30 கிலோவுக்கு மேலும் தின்னும். பிறகு ஆடுமாடுபோல அசைபோடும்.

தென்னாபிரிக்காவின் குரூகர் வனவிலங்குப் பூங்கா வட்டாரத்தில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு நம் வேலிகளையே நினைவூட்டியது. மேலே மேயும்போது ஒட்டகச்சிவிங்கிக்கு ஒரு வாய்க்குக் கூடுதல் இலை கிடைத்தது. சிறிய விலங்குகள் நெருங்காதபடி சில மரங்களைச் சுற்றி அடைத்துவிட்டு ஒரு பருவம் கழித்துப் பார்த்தார்கள். கீழும் மேலும் இலை ஒரே அளவாகிவிட்டது. கீழ்க்கிளைகளைச் சின்ன வாய்கள்தான் வெறுமையாக்கி வைத்திருந்தன.

உயரத்துக்கு விலை உண்டு. இதயத்திலிருந்து மூளைக்கு ஏறக்குறைய இரண்டு மீற்றர் இரத்தத்தை ஏற்ற வேண்டும். ஆகவே அதன் இரத்த அழுத்தம் மனிதருடையதைப்போல இரு மடங்கு. அந்த அழுத்தத்தில் கால்கள் வீங்கிவிடாதபடி கால்தோல் இறுக்கிக் கட்டிய துணிபோலத் தடித்திருக்கிறது.

தண்ணீர் குடிப்பதுதான் பெரும்பாடு. அவ்வளவு நீளக் கழுத்தும் நிலத்துக்கு எட்டாது! முன்னங்கால்களை அகல விரித்து, துலா இறங்குவதுபோலத் தலையைத் தாழ்த்த வேண்டும். அந்நேரம் இரத்தம் தலைக்குள் பாய்ந்துவிடாதபடி மூளைக்கு அடியில் பின்னிக்கிடக்கும் நுண்நாளங்கள் வேகத்தைத் தணிக்கின்றன. கழுத்து நாளத்தின் அடைப்பிதழ்கள், இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் மீண்டும் தலைப்பக்கம் இறங்காமல் மறிக்கின்றன. நிமிரும்போது அது மயங்கி விழாமல் நிற்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்புத் தீரவில்லை.

தின்னும் இலையிலேயே ஈரம் இருப்பதால் நாட்கணக்கில் குடிக்காமலும் இருக்கும். சிங்கத்தை உதைத்தே கொல்லக்கூடிய கால்கள் அதற்கு உண்டு. ஆனால் நீர்நிலையோரம் அவை விரிந்து நிற்கின்றன. அதனால் கொஞ்சம் குடித்து, தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்துவிட்டு, மறுபடி குனிகிறது.