சிறுகோள்: கல்லா, மீனா, கோளா?

போன மாதம் திருச்செந்தூர் போகிற பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெரியவர் செய்தித்தாளை என் பக்கம் நீட்டினார். “விண்கல் ஒண்ணு பூமிக்குப் பக்கத்துல வருதாம்லா?” என்றார். “அது விண்கல் இல்ல அண்ணாச்சி, சிறுகோள்” என்றேன். “கோளா? அப்பம் அதுக்கும் ஒரு கோயில் கட்டணுமே” என்று சிரித்தார். பஸ் ஆழ்வார்திருநகரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. தாமிரபரணிக் கரையில் ஒன்பது கோளுக்கும் நவதிருப்பதி, நவகைலாயம் என்று இரண்டு வரிசைக் கோயில் வைத்திருக்கிற சீமைக்காரர் வேறென்ன கேட்பார்!

செய்தித்தாள் ‘விண்கல்’ ஆக்கிய சொல் அஸ்டிராய்டு; சூரியனைச் சுற்றிவரும், கோள்களைவிடச் சிறிய பாறைப் பொருள். 1801 ஜனவரி 1 அன்று சிசிலித் தீவின் பலெர்மோவில் பியாஸி என்ற பாதிரியார் இவற்றில் முதலாவதான சீரிஸைக் கண்டார். மறு ஆண்டு இரண்டாவதாகப் பல்லாஸ் கிடைத்தது. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் இரண்டும் வட்டமாகத் தெரியவில்லை, விண்மீனைப் போல வெறும் புள்ளிதான். அதனால் வில்லியம் ஹெர்ஷல் 1802இல் ‘விண்மீன் போன்றது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைப் புழக்கத்தில் விட்டார். உண்மையில் இவற்றுக்கும் விண்மீனுக்கும் எந்த உறவும் இல்லை. அன்றைய தொலைநோக்கியின் குறையைப் பெயராக்கிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

தமிழுக்கு வருவோம். பெறு என்பது பேறு ஆவதுபோல, கொள் என்ற வினை நீண்டு கோள் ஆனது. பற்றிக்கொள்வது கோள். கிரகம் என்ற வடசொல்லுக்கும் பற்றுவது என்றே பொருள். கிரகணமும் அதே வேர். உடம்பே இல்லாத ராகுவுக்குக் குன்னத்தூரிலும் கேதுவுக்கு ராஜபதியிலும் நவகைலாயக் கோயில் இருக்கிறதே, அது இந்தப் பழைய பொருளில்தான் பொருந்தும். சங்கப் பாட்டிலேயே நாள்மீன், கோள்மீன் என்ற பிரிவு உண்டு. நாள்மீன்கள் தமக்குள் இடம் மாறாமல் நிற்கும். கோள்மீன்கள் அவற்றினூடே நகரும். சீரிஸைக் காட்டிக்கொடுத்ததும் அந்த நகர்வுதான். ஒரு புள்ளி அடுத்த இரவில் இடம் மாறியிருந்தால் அது கோள் வகை. அளவில் சிறியது, ஆகவே சிறுகோள். குறுங்கோள் என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதை, இப்போது ‘ட்வார்ஃப் பிளானட்’ என்று தனி வகையாக்கப்பட்டிருக்கும் சீரிஸ், புளூட்டோ போன்றவற்றுக்கு விட்டுவைப்பது நல்லது, குழப்பம் வராது.

நம் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்று சொல்ல வேண்டும். 1861 ஏப்ரல் 17 அன்று சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதன் பெயரே ஆசியா. வரிசை எண் 67. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சிறுகோள்கள் நிறைந்த முதன்மைப் பட்டையில், பூமி இருப்பதைப்போல் சுமார் 2.4 மடங்கு தொலைவில், 3.8 ஆண்டுக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றுகிறது. குறுக்களவு 60 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு விளிம்பை வைத்தால் மறு விளிம்பு தூத்துக்குடியையும் தாண்டிவிடும். சின்னதும் பெரிதுமாகச் சிறுகோள்கள் பத்து லட்சத்துக்கும் மேல் தெரிந்தாகிவிட்டது. ஆனால் பட்டையில் உள்ள அத்தனையையும் கூட்டி உருட்டினாலும் நிலவின் எடையில் நூற்றில் ஐந்து பங்கு தேறாது.

பெயர் உடனே கிடைத்துவிடாது. முதலில் தற்காலிகக் குறி. 1988 பிப்ரவரியில் காவலூர் வானாய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோளுக்கு 1988 டிகியூ1. அதில் ‘டி’ என்றால் பிப்ரவரியின் பின்பாதி. சுற்றுப்பாதை உறுதிப்பட்டதும் 4130 என்ற நிலையான எண் வந்தது. அப்புறம்தான் கணிதமேதை ராமானுஜன் பெயர். கண்டுபிடித்தவர் பெயரை முன்மொழிய, பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஒப்புதல் தரும். பதினாறு எழுத்துக்குள் அடங்க வேண்டும். அரசியல்வாதி, படைத்தலைவர் என்றால் இறந்து நூறு வருடம் ஆகியிருக்க வேண்டும். நம்மூர்த் தெருக்களுக்கும் இந்த விதி இருந்தால் தேவலை.

சரி, விண்கல் எதற்கு? வானத்திலிருந்து வந்து தரையில் கிடக்கும் கல்லுக்கு. காற்றில் எரிந்து கோடு இழுப்பது எரிமீன். சுற்றிக்கொண்டிருக்கும் வரை அது சிறுகோள்தான்.

அண்ணாச்சிக்கு இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் குரும்பூர் வந்துவிட்டது. இறங்கும் முன் செய்தித்தாளின் ஓரத்தில் சொல்லை எழுதித் தரச் சொன்னார், எழுதினேன். ளகரத்தைக் கொஞ்சம் அழுத்தியே எழுதினேன். ‘சிறுகோல்’ என்றால் அது ஆடு மேய்க்கிறவர் கையில் இருப்பது.