கேமராவின் டைம்கோடும் ஜென்லாக்கும்

ஒரு கச்சேரியை நான்கு கேமராக்களில் எடுத்தால், எடிட்டிங்கில் அந்த நான்கு பதிவுகளையும் பொருத்தித் தருவது டைம்கோடுதான். 10:42:17:08 என்று திரையில் தெரிவதில் முதல் மூன்றும் மணி, நிமிடம், விநாடி. கடைசி 08 அந்த விநாடிக்குள் வரும் ஃப்ரேமின், அதாவது ஒற்றைப் படத்தின், எண். இந்தியாவில் வழக்கமான விநாடிக்கு 25 ஃப்ரேம் முறையில் அது 00-இல் தொடங்கி 24 வரை போகும்.

டேப் காலத்துத் தோள் கேமராக்களில் பக்கவாட்டு மூடியைத் திறந்தால் எஃப்-ரன், செட், ஆர்-ரன் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். இப்போது பெரும்பாலும் மெனுவுக்குள் போய்விட்டது; வேலை மாறவில்லை. ஆர்-ரன் என்றால் பதிவு ஓடும்போது மட்டும் எண் நகரும். தனிக் கேமராவுக்கு அது போதும். டேப்பில் எடுத்தவர்கள் மணி இலக்கத்தையே டேப் எண்ணாக வைப்பார்கள். இரண்டாவது டேப் 02:00:00:00-இல் தொடங்கும். எஃப்-ரன் என்றால் பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும் எண் ஓடிக்கொண்டே இருக்கும். பல கேமரா வேலைக்கு இதுதான் வேண்டும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: 23:59:59:24-க்கு அடுத்து 00:00:00:00 வந்துவிடும். விடிய விடிய நடக்கும் கூத்தைக் கடிகார நேரத்தில் பதிவு செய்தால், நள்ளிரவுக்குப் பின் எடுத்தது எடிட்டிங்கில் முன்னால் போய் நிற்கும். அப்படிப்பட்ட இரவில் கடிகார நேரத்தை விட்டுவிட்டு, எண்ணை 01:00:00:00 என்று வைத்துத் தொடங்கிவிடுவதே நல்லது.

ஒரு கேமராவின் டைம்கோடை இன்னொன்றுக்குக் கொடுக்கும்போது கேபிள் வழியே போவது என்ன? 1970-களில் அமெரிக்காவின் எஸ்.எம்.பி.டி.இ. என்ற திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் அமைப்பு தரப்படுத்திய எல்.டி.சி. என்ற சிக்னல். ஒரு ஃப்ரேமுக்கு 80 பிட்: நேரத்துக்கு 26, நாம் விரும்பியதை எழுதிக்கொள்ளும் யூசர் பிட் 32, ஃப்ரேமின் முடிவைக் காட்டும் சிங்க் சொல்லுக்கு 16, மீதி 6 அடையாளக் குறிகளுக்கு. விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 2,000 பிட். ஒவ்வொரு பிட்டின் எல்லையிலும் மின்னழுத்தம் ஒருமுறை மாறும். பிட் 1 ஆக இருந்தால் நடுவிலும் ஒருமுறை மாறும். மாறுகிறதா என்பதை மட்டும் பார்ப்பதால் கம்பிகள் இரண்டும் இடம் மாறினாலும் தகவல் கெடாது. சிங்க் சொல்லின் அமைப்பு முன்பின் வேறாக இருப்பதால் டேப்பைப் பின்னோக்கி ஓட்டினாலும் எண்ணைப் படிக்கலாம். அத்தனையும் 1,000 முதல் 2,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்குவதால், ஹெட்போனில் கேட்டால் கரகரவென்று ஒலிக்கும். இவ்வளவு எளிய வடிவில் இவ்வளவு யோசனையை வைத்த பொறியாளர்களை எண்ணி இன்றும் வியக்கிறேன்.

ஒலி வடிவில் இருப்பதன் பயன் சிறிய கேமராக்களில் தெரியும். டைம்கோடு இணைப்பு இல்லாத கேமராவின் மைக் இன்புட்டில் எல்.டி.சி.யைக் கொடுத்து ஒரு ஆடியோ சானலில் பதிந்துவிடலாம். டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருள் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டு எண்ணை எடுத்துக்கொள்ளும்.

பெரிய கேமராக்களில் டி.சி. இன், டி.சி. அவுட் (டி.சி. என்றால் டைம்கோடு) என்ற பி.என்.சி. இணைப்புகள், அதாவது திருகிப் பூட்டும் வட்ட இணைப்புகள், இருக்கும், சிலவற்றில் ஒரே இணைப்பை உள்ளே, வெளியே என்று மாற்றிக்கொள்ள வேண்டும். சினிமா கேமராக்கள் பலவற்றில் பல முனைகள் கொண்ட சிறிய லெமோ கனெக்டர். ஒன்றின் அவுட்டிலிருந்து மற்றதன் இன்னுக்குக் கேபிள் போட்டு, எண் ஒன்றானதும் கேபிளைக் கழற்றிவிடலாம். இதற்கு ஜாம் சிங்க் என்று பெயர். அதன்பின் ஒவ்வொரு கேமராவும் தன் குவார்ட்ஸ் படிகத்தை நம்பி எண்ணுகிறது. ஒன்று பத்து லட்சத்தில் பத்துப் பங்கு வேகமாகவும் இன்னொன்று அதே அளவு மெதுவாகவும் ஓடினால், 2,000 விநாடியில், அதாவது அரை மணி நேரம் தாண்டியதுமே, ஒரு ஃப்ரேம் விலகிவிடும். வெப்பநிலை மாற்றத்தை ஈடுகட்டும் நல்ல படிகங்களுள்ள தனி டைம்கோடு பெட்டிகளை கேமராவின் மேல் மாட்டி விடுவது அதனால்தான். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் என்றால், அதே விலகலுக்குப் பதினொரு மணி நேரம் ஆகும்.

பலரும் தவறாக நினைப்பது இங்கேதான். டைம்கோடு ஃப்ரேமுக்கு எண் கொடுக்கிறது. ஃப்ரேம் எந்தக் கணத்தில் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. ஒரே எண் எழுதிய சட்டை போட்ட இருவர் ஒரே அடியில் நடப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு ஃப்ரேம் 40 மில்லி விநாடி. ஒரு கேமரா அதன் தொடக்கத்தில் இருக்கும்போது மற்றது நடுவில் இருக்கலாம். அதைச் சரிசெய்வது ஜென்லாக் என்ற வேறு இணைப்பு. பொதுவான சிங்க் ஜெனரேட்டரின் துடிப்புக்கு எல்லாக் கேமராக்களின் சென்சாரும் கட்டுப்படும். அதுவும் பெரும்பாலும் பி.என்.சி.தான், மாற்றிச் செருகினால் இரண்டும் வேலை செய்யாது. நேரடி ஒளிபரப்புக்கும், இரு கேமரா முப்பரிமாணப் படப்பிடிப்புக்கும் பொதுவாக ஜென்லாக் வேண்டும். பின்னால் எடிட் செய்யும் கச்சேரிக்கு டைம்கோடு மட்டும் போதும் என்பது என் கருத்து.

வெளிநாட்டு வேலையில் 29.97 ஃப்ரேம் வரும்போது டிராப் ஃப்ரேம் என்ற தேர்வு தென்படும். விநாடிக்கு 30 என்று எண்ணினால் ஒரு மணி நேரத்தில் 108 எண்கள் மிகும். பத்தால் வகுபடும் நிமிடங்களைத் தவிர மற்ற ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு எண்களைத் தாண்டி அதைச் சரிக்கட்டுகிறார்கள். தாண்டுவது எண்ணை மட்டும். படம் எதுவும் போவதில்லை. 25-இல் எடுப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் ஒலிப்பதிவுக் கருவியும் 25-இல்தான் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

பேட்டரி மாற்றியதும் மறுபடி ஜாம் செய்யுங்கள். மின்சாரம் போன இடைவெளியில் உள்ளே இருக்கும் சிறிய பேட்டரி நேரத்தைக் காப்பாற்றும். பல கேமராக்களில் அது ஃப்ரேம் அளவுக்குத் துல்லியமாக இராது.